சீமைப் படிப்பும் சிக்கனமும்

தருமபுரி ஜில்லாவில் உபாத்தியாயராக இருக்கும் நம்மிடம், காணியை அடகு வைத்துப் பிள்ளையைச் சீமைப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோர் யோசனை கேட்க வருவதுண்டு. "பையன் அங்கே எப்படிச் செட்டாக இருப்பது?" என்பதே அவர்கள் கவலை. நாம் இருவர் கதையைச் சொல்லுவோம்.

1888-ல் லண்டன் சென்ற காந்தியடிகள் காசு விடாமல் கணக்கு எழுதினார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தித் தினம் எட்டுப் பத்து மைல் நடந்தார். பிறகு ஒற்றை அறைக்குக் குடிபோய், காலையில் தாமே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார். ஆகாரச் செலவு நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்தான். ஆயினும் மூன்று வேளையும் உண்டார். நடையால் தேகமும் உரம் பெற்றது.

கணித மேதை ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளத்தில் 50 பவுன் குடும்பத்துக்குப் போயிற்று. சைவ உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். யுத்த காலமாதலால் காய்கறிக்கும் பஞ்சம். 1917-ல் நோயில் படுத்தார். 1919-ல், தம் செலவு போக மிஞ்சும் பணம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கு உதவட்டும் என்று சர்வகலாசாலைக்கு எழுதினார். மறு வருஷமே, 32-ஆம் வயதில், மறைந்தார். பணம் மிஞ்சியது, அனுபவிக்க ஆயுள் மிஞ்சவில்லை.

ஆகவே பெற்றோர்களே, வாடகையில் குறைக்கலாம், வண்டியில் குறைக்கலாம். வயிற்றில் மட்டும் குறைக்க வேண்டாம். பிள்ளையிடம் "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்குமுன், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.