கடல்வழியும் வான்வழியும்

கடல் கடந்து செல்வோர் அதற்கான விலையை எக்காலத்திலும் ஏதேனும் ஒரு வகையில் செலுத்தியே வந்திருக்கின்றனர். சிலர் பணமாகச் செலுத்தினர். சிலர் நாட்களாகச் செலுத்தினர். சிலர் தம் உடல்நலத்தையே கொடுத்தனர். வானூர்தி வந்த பின்னர், அந்த விலை முழுவதும் பயணச்சீட்டில் அச்சிடப்பட்டுவிடுகின்றது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அது முழு உண்மையன்று. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், இலண்டனிலுள்ள மகன் வீட்டிலிருந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள மகள் வீட்டிற்குச் செல்ல வேண்டியிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் இருவரும் அந்த விலையைச் சற்று விரிவாகவே எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டை முன்னிட்டு, இம்முறை எங்களைக் கப்பலில் அனுப்பிவைக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் பேசி முடிவு செய்திருந்தனர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திற்கும் நியூயார்க் நகருக்கும் இடையே குயின் மேரி 2 என்னும் பெருங்கப்பல் சென்று வருகின்றது. பிரான்சு நாட்டின் சான் நசேர் நகரில் கட்டப்பட்டு, 2004ஆம் ஆண்டு ஜனவரியில் சேவையைத் தொடங்கிய இக்கப்பல் 345 மீட்டர் நீளம் கொண்டது. ஏறத்தாழ 2,700 பயணிகளையும் 1,200க்கும் மேற்பட்ட பணியாளரையும் சுமந்து, ஏழு இரவுகளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கின்றது. முறையான கால அட்டவணைப்படி அந்தக் கடலைக் கடக்கும் பெரும் பயணிக் கப்பல் இன்று இது ஒன்றே.

பிள்ளைகளின் அன்பு எங்களை மகிழ்வித்தது. ஆயினும், வாழ்நாளெல்லாம் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தாளும் பேனாவும் தாமாகவே கைக்கு வந்துவிடுகின்றன. சன்னல் இல்லாத உள்ளறையில் ஒருவருக்கு 1,150 டாலர் என்றார்கள். பணியாளர்க்கான அன்பளிப்பாக நாளொன்றுக்கு ஒருவருக்குப் 16 டாலர் தனியே சேரும். இருவருக்கும் கூட்டினால் 2,524 டாலர். அதே வாரத்தில் விமானத்தில் ஒருவழிக் கட்டணம் ஒருவருக்கு 400 டாலர், இருவருக்கு 800. வேறுபாடு 1,724 டாலர். நம் நாட்டுப் பணத்தில் அது ஒன்றரை இலட்ச ரூபாயை நெருங்கிவிடுகின்றது.

கப்பலுக்காகப் பேசுவோர் வேறொரு கணக்கைக் காட்டுகின்றனர். அக்கட்டணத்தில் ஏழு இரவுத் தங்கலும் மூவேளை உணவும் அடக்கம். நாளொன்றுக்கு 180 டாலர்தான் ஆகின்றது. நியூயார்க்கில் ஒரு நடுத்தர விடுதி அறை அதைவிடக் குறைவாகக் கிடைப்பது அரிது என்பர். விடுதியில் தங்குவோருக்கு இது பொருந்தும். மகள் வீட்டில் தங்கி, மகள் சமைப்பதை உண்ணப் போகும் பெற்றோருக்கு இது சேமிப்பாகாது.

இவ்விரு வழிகளின் நிலையும் தலைகீழாக மாறி நெடுங்காலம் ஆகவில்லை. 1840ஆம் ஆண்டு பிரிட்டானியா என்னும் நீராவிக் கப்பல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, இரண்டு வாரங்களில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது உலகம் வியந்தது. 1952இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்னும் கப்பல் அதே கடலை மூன்று நாள், பத்து மணி, நாற்பது நிமிடத்தில் கடந்தது. ஆறே ஆண்டுகளில், 1958 அக்டோபரில், ஜெட் விமானங்கள் அந்த வழியில் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. நாட்கள் மணிகளாயின. 1977இல் லேக்கர் என்னும் ஆங்கிலேயர் நடத்திய விமானச் சேவை, இலண்டனிலிருந்து நியூயார்க்கிற்கு 59 பவுனுக்கு இடம் கொடுத்தது. அந்நிறுவனம் 1982இல் வீழ்ந்துவிட்டதெனினும், எளியவர்க்கும் வானம் உண்டு என்னும் எண்ணம் வீழவில்லை.

ஒரு காலத்தில் ஏழைக்குக் கப்பலைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் மக்கள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவிற்குள் நுழைந்தனர். முதல் இரண்டு வகுப்புப் பயணிகளைப் பெரும்பாலும் கப்பலிலேயே சோதித்து இறங்கவிட்டனர். அடித்தளத்தில் நெருக்கமாகப் படுத்து வந்தவர்களையே அத்தீவில் வரிசையில் நிறுத்தினர். அன்று இல்லாதோரின் வழியாக இருந்தது இன்று இருப்போரின் ஆடம்பரமாகியிருக்கின்றது. அன்று அரிதாயிருந்த வானம் இன்று தொழிலாளியின் வழியாகியிருக்கின்றது.

பயணச்சீட்டில் அச்சிடப்படாத விலைகளும் உண்டு. கப்பல் மெதுவாகச் செல்வதால் எரிபொருள் குறையும் என்று நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம். சரக்குக் கப்பலுக்கு அது பொருந்தும். ஆனால் நீச்சல் குளங்களையும் நாடக அரங்கையும் பல சமையற்கூடங்களையும் சுமக்கும் கப்பலின் நிலை வேறு. குயின் மேரி 2இன் எடை 70,000 டன்னுக்கும் மேல். பயணிகளின் தொகையால் வகுத்தால் ஒருவருக்கு 25 டன்னுக்கும் மிகுதியாகின்றது. சுமார் 350 பேரை ஏற்றும் பெரிய போயிங் விமானம் எரிபொருளோடு சேர்த்தே 350 டன் எடைதான். தலைக்கு ஒரு டன். ஒரு மனிதரைக் கரை சேர்க்க 25 டன் இரும்பையும் உடன் இழுத்துச் செல்ல வேண்டியிருப்பதால், காற்றில் கலக்கும் புகையைப் பொறுத்தவரை கப்பற்பயணி விமானப்பயணியைவிடத் தூயவர் என்று சொல்வதற்கில்லை.

மற்றொரு விலையைச் செலுத்துவோர் பணியாளர்கள். 2006இல் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்கின்றது. மீதிப் பதினான்கு மணி நேரத்தையும் வேலையாக்க இடமுண்டு என்பதே அதன் மறுபக்கம். மாதக்கணக்கில் இல்லம் காணாத இம்மக்களுக்காகவே 1920இல் கிளாஸ்கோ நகரில் கத்தோலிக்கக் கடலோடிகள் பணி தொடங்கப்பட்டது.

இவையெல்லாவற்றையும் எழுதி முடித்த பின்னும், எங்களால் எண்ணில் எழுத முடியாத ஒன்று எஞ்சியிருந்தது. எங்களுள் ஒருவரைப் பெற்றவரும் மற்றவருக்கு மாமியாருமான அம்மா, எண்பத்தெட்டு வயதில், தூத்துக்குடியில் தங்கை வீட்டில் இருந்தார்கள். விமானத்தில் போகிறவர் இறங்கிய இடத்திலிருந்தே மறு விமானம் ஏறித் திரும்பிவிடலாம். கப்பலிலோ, கரை மறைந்த பின் அக்கரை வரும் வரை இறங்க வழியில்லை. அந்த ஏழு நாட்களுக்குள் அம்மாவுக்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது? 1,724 டாலரைப் பிள்ளைகள் கொடுத்துவிடுவர். இதை யார் கொடுப்பார்?

தொலைபேசியில் தயங்கித் தயங்கி அம்மாவிடமே சொன்னோம். அவர்களுடைய கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் எழுத்தராயிருந்தவர். கப்பல் சங்கைக் கேட்டே அடுப்பு மூட்டிய அம்மா, ஒரு நாளும் கப்பலில் ஏறியவரல்லர். “வீட்டுல இருக்கிறவளுக்கு என்ன வந்துரப் போவுது? போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லணும்,” என்றார்கள். அந்தக் கடைசிச் சொற்றொடரே எங்கள் கணக்கைத் தீர்த்து வைத்தது.

கப்பலிலேயே போனோம். மேற்கு நோக்கிச் செல்லும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னே தள்ளி வைக்கின்றனர். நாளொன்றுக்கு இருபத்தைந்து மணி நேரம் வாய்க்கின்றது. நாற்பது ஆண்டுகளில் எங்கள் இருவருக்கும் வீட்டு வேலையோ பள்ளி வேலையோ இல்லாமல் பேசக் கிடைத்த முதல் வாரம் அதுவே. நாள்தோறும் பணம் கட்டிச் செயற்கைக்கோள் வழியாகத் தங்கையிடம் இரண்டு வரிச் செய்தி பெற்றோம். “அம்மா நலம்” என்னும் அவ்விரு சொற்களைப் பார்த்த பிறகே காலை உணவுக்குச் செல்வோம். நியூஃபவுண்லாந்துக்குத் தெற்கே மூடுபனி கவிந்த ஒரு நாளில், கப்பல் இடைவிடாது சங்கு ஒலித்துக்கொண்டே சென்றது. அக்கப்பலின் சங்குகளுள் ஒன்று 1936இல் கடலோடத் தொடங்கிய பழைய குயின் மேரியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது என்று அங்கேதான் அறிந்தோம்.

மகள் வீட்டை அடைந்த ஐந்தாம் வாரத்தில், அம்மாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. கிடைத்த விமானத்தில் கேட்ட விலைக்குச் சீட்டெடுத்தோம். இருவருக்கும் ஆன செலவு கப்பல் கட்டணத்தையே தாண்டிவிட்டது. அன்று நாங்கள் எதையும் தாளில் எழுதவில்லை. மூன்று விமானங்கள் மாறி, இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் கட்டிலருகே நின்றோம். பதினொரு நாட்கள் அவர்களோடு இருக்க எங்களுக்கு அருளப்பட்டது. விமானம் இல்லையேல் அந்த நாட்கள் இல்லை.

அந்தப் பதினொரு நாட்களும் அம்மா குழறிய நாவால் கேட்டதெல்லாம் கப்பலைப் பற்றியே. அடுக்களை எவ்வளவு பெரிது, அத்தனை பேருக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, நடுக்கடலில் பறவைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். கடல்நீரையே நன்னீராக்குகின்றனர் என்றபோது கண்கள் விரிந்தன. விமானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

இறுதியாகக் கேட்டது இது: “சங்கு ஊதுனானா?”

“ஊதினான் அம்மா. பனியில் நாள் முழுதும் ஊதினான்.”

நம்மூர்ச் சங்கு போலவா என்று வினவினார்கள். அதைவிடத் தாழ்ந்த குரல் என்றோம். அம்மா கண்களை மூடிக்கொண்டு, நெடுநேரம் அதைக் கேட்பவர் போலப் படுத்திருந்தார்கள்.