நாளைக்கு அடிக்கப்போகிறவர்கள்

‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ கணினி விளையாட்டில் ஒவ்வொரு மட்டையாளருக்கும் இரண்டு வரிசை எண்கள் உண்டு. ஒன்று, இன்றைக்கு அவன் எப்படி ஆடுகிறான் என்பது. மற்றது பொட்டென்ஷியல்: வளர்ந்து முடிந்தபின் எப்படி ஆடுவான் என்று, அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் நினைப்பது. இரண்டையும் 20 முதல் 80 வரை போடலாம். நிஜ ஸ்கவுட்டுகளின் அளவுகோலும் அதுதான். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 17 வயதுப் பையனுக்கு இன்று 25, பொட்டென்ஷியல் 70 என்று இருக்கும். அந்த 70 கண்ணில் பட்டதும், இந்த விளையாட்டில் நான் ஆடும் லீக்கில் பாதி மேலாளர்களுக்கு 25 மறந்துபோகும்.

*

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் இந்தத் தலைவலி கிடையாது. ஹால் ரிச்மன் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பகடை விளையாட்டு அது. போன சீசனில் ஆள் என்ன அடித்தாரோ அதுதான் அவருடைய அட்டை. நாளைக்கு என்ன ஆவார் என்று அட்டையில் ஒரு வரிகூட இருக்காது. 1990களின் கடைசியில் மார்க்கஸ் ஹைன்சோன் எழுதிய ‘அவுட் ஆஃப் தி பார்க்’ விளையாட்டில்தான் பையன்கள் வளர்கிறார்கள், தேய்கிறார்கள், முட்டி உடைந்து காணாமல் போகிறார்கள். (ஹைன்சோன் ஜெர்மானியர். கால்பந்து நாட்டில் உட்கார்ந்து ஒருவர் பேஸ்பாலை இப்படிக் கரைத்துக் குடித்திருக்கிறார்.)

*

மட்டையாளருக்குப் பார்க்க வேண்டியவை ஐந்து: கான்டாக்ட், கேப், பவர், ஐ, அவாய்ட் கே. கான்டாக்ட் என்றால் அடித்துப் பேஸுக்குப் போகும் திறன். கேப், பீல்டர்களுக்கு இடையே பந்தை விரட்டி இரண்டு பேஸ் எடுப்பது. பவர், ஹோம் ரன். கடைசியது ஸ்ட்ரைக் அவுட் ஆகாமல் தப்புவது. எல்லாரும் முதலில் பார்ப்பது பவரை. நான் முதலில் பார்ப்பது ஐ, அதாவது தொடக்கூடாத பந்தைத் தொடாமல் விடும் கண். அப்படி நான்கு பந்துகளை விட்டால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடிவாதம் வந்ததற்கு ஜெஃப் ஃபிராங்கோர்தான் காரணம். 2005இல் 21 வயதில் அட்லாண்டா பிரேவ்ஸுக்கு வந்தார். 70 ஆட்டத்தில் 14 ஹோம் ரன், சராசரி .300, வலது பீல்டிலிருந்து பீரங்கி மாதிரி எறி. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அட்டையில் போட்டுப் பிறவி ஆட்டக்காரர் என்று கொண்டாடியது. அடுத்த வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் 162இலும் ஆடினார். 29 ஹோம் ரன், 103 ரன்னுக்கு வழிசெய்தார். வாக் மட்டும் 23. பந்தெறியும் பிட்சர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது: இவருக்கு நல்ல பந்து போட வேண்டிய அவசியமே இல்லை, வெளியே போகும் பந்துக்கும் மட்டையை வீசுவார். 2009இல் பிரேவ்ஸ் அவரை மெட்ஸுக்குத் தள்ளிவிட்டது. பிறகு 2016 வரை அணி அணியாகப் போனாரே தவிர, அட்டைப்படத்தில் சொன்ன ஆள் வரவேயில்லை.

எதிர்ப்பக்கம் ஹுவான் சோட்டோ. 2018 சீசனை ஏ நிலை மைனர் லீக்கில் தொடங்கினார். மே மாதமே வாஷிங்டனில் மேஜர் லீக் ஆட்டம். வயது 19. 116 ஆட்டத்தில் 22 ஹோம் ரன், 79 வாக். அந்த 79தான் முக்கியம். பத்தொன்பது வயதில் மேஜர் லீக் பிட்சர் எறியும் பந்தை வேண்டாம் என்று விடுகிறவனுக்கு, மற்றது பின்னால் வந்து சேரும்.

என் லீக்கில் ஐ பொட்டென்ஷியல் 40க்குக் கீழே உள்ள பையனை, பவர் 75 என்றாலும், அணிகள் புதுப் பையன்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் தொடுவதில்லை.

*

நட்சத்திரங்களை நம்பக்கூடாது. ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் வரும் அந்த மஞ்சள் நட்சத்திரம் அவன் நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுக்கும். ஷார்ட்ஸ்டாப்பில் நான்கு நட்சத்திரமாக மின்னுகிறவனை முதல் பேஸில் நிறுத்தினால் இரண்டாகிவிடுவான். மட்டை அதே மட்டைதான். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பாக வளரும் பையனுக்கு இன்னொரு லாபம் உண்டு. மட்டை பாதிதான் வளர்ந்தாலும் இரண்டாம் பேஸிலோ நடு பீல்டிலோ பிழைத்துக்கொள்வான். முதல் பேஸ் பையன் அடிக்கவில்லையென்றால் அவனுக்கு வேறு வேலையே கிடையாது.

*

2009 டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு, 24ம் 25ம். 24இல் ராண்டல் கிரிச்சக்கை எடுத்தார்கள். 25இல் மைக் டிரவுட்டை எடுத்தார்கள். பெரிய ஆளானது இரண்டாவதாக எடுத்தவர்! ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 13ஆம் சுற்று, 402ஆவது ஆள். 703 ஹோம் ரன்னோடு ஓய்வு பெற்றார். 1966இல் மெட்ஸ் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த கேட்சர் ஸ்டீவ் சில்காட், தோள் போய், மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்கு அடுத்ததாக இன்னொரு அணிக்குப் போனவர் ரெஜி ஜாக்சன்.

கணினியில் இது எளிதாக இருக்க வேண்டும். பையனின் உண்மையான திறன் உள்ளே ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. ஸ்கவுட் அதை மங்கலாகக் காட்டுகிறான், அவ்வளவுதானே? ஸ்கவுட்டின் துல்லியத்தை 100 சதவீதமாக வைத்தால் போதாதா? போதாது. உள்ளே இருக்கும் அந்த எண்ணே நகரும். திறன் எவ்வளவு தாறுமாறாக மாறலாம் என்பதற்கென்றே விளையாட்டில் ஒரு அமைப்பு இருக்கிறது. சாதாரண அளவு 100. அதைக் கூட்டினால் லீக் சூதாட்டக் கிடங்காகிவிடும். குறைத்தால் டிராஃப்ட் அன்றைக்கே பத்து வருஷக் கதை முடிந்துவிடும். 100ஐ விட்டுவைப்பதே உத்தமம்.

*

வயது. பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் தன் 1982ஆம் ஆண்டு ‘பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்’ புத்தகத்தில் மட்டையாளரின் உச்சம் 27 என்று எழுதினார். அதுவரை இன்னும் மூத்த வயதைத்தான் உச்சம் என்று நினைத்திருந்தார்கள். ஆகவே 26 வயதில் மைனர் லீக்கின் டபுள்-ஏ நிலையில் .320 அடிக்கிறவனைப் பார்த்து மயங்க வேண்டாம். அவன் தம்பிகளை அடித்துக்கொண்டிருக்கிறான். அதே லீக்கில் 19 வயதில் .250 அடிக்கிறவனைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

விதிவிலக்கு ஹோசே பௌட்டிஸ்டா. ஒரு சீசனில் 16க்கு மேல் ஹோம் ரன் அடிக்காதவர், 2010இல் 29 வயதில் 54 அடித்தார். இந்த மாதிரித் திடீர் வளர்ச்சி கணினியிலும் வரும். வந்தால் சந்தோஷம், எதிர்பார்த்து இடம் ஒதுக்கினால் கடைசி இடம்.

*

கிரிஸ் பிரையன்ட் விவகாரம். 2015 பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தும் கப்ஸ் அணி அவரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டது. அப்போது 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால்தான் ஒரு வருஷ சேவை. அவருக்குக் கிடைத்தது 171. ஆறு வருஷ சேவைக்குப் பின்தான் விரும்பிய அணிக்குப் போகும் விடுதலை என்பதால், ஒரே நாளில் அணிக்கு இன்னொரு வருஷம் லாபம். அந்த ஆண்டு நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். முறையிட்டார், 2020இல் தோற்றார். நிஜத்தில் அது அநியாயம் என்பதுதான் என் கட்சி. நாங்கள் லீக்கில் செய்வதும் அதேதான், கூசாமல். கணினிப் பையனுக்குச் சங்கமில்லை.

*

முதல் நூறு இளைஞர் பட்டியலில் ஒருவன் பத்துக்குள் வந்தால் அதுதான் விற்கும் நேரம், என் அணி ஜெயிக்கும் நிலையில் இருந்தால். பட்டியலில் இருக்கும்வரை அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. மேஜர் லீக்கில் ஐம்பது ஆட்டம் ஆடிவிட்டால் எல்லாருக்கும் தெரிந்த குறைகளோடு இன்னொரு ஆள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் இதைக் கேட்பதில்லை. ஒன்பது பையன்களை அணைத்துக்கொண்டு, ஒன்பது பேரும் ஒரே வருஷம் பழுப்பார்கள் என்று காத்திருக்கின்றன.

*

வரும் டிராஃப்டில் எனக்கு மூன்றாவது இடம். கையில் இரண்டு பேர். பள்ளியிலிருந்து வரும் 18 வயது வலது பீல்டர்: பவர் பொட்டென்ஷியல் 75, ஐ 35. கல்லூரியிலிருந்து வரும் 21 வயது இரண்டாம் பேஸ்காரன்: கான்டாக்ட் 60, ஐ 60, பவர் 40, இப்போதே பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டான். என் ஸ்கவுட்டுக்குப் பள்ளிப் பையன்மேல் ஆசை. இரண்டாமவனை எடுத்து ஒரு வருஷத்துக்குள் டபுள்-ஏ அனுப்பிவிடுவேன். மற்றவனை நான்காம் இடத்து அணி உடனே அள்ளிக்கொள்ளும். இரண்டு சீசன் கழித்து அவன் ஐ 45 ஆகியிருந்தால், கல்லூரிக்காரனோடு ஒரு பிட்சரையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.