பித்தம் என்று இருந்துவிட்டேன்!

சகோதரிகளே, என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

2022 டிசம்பர், பகல்பத்து சமயம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் சாயந்திரம் விளக்கேற்றிய அம்மா, "என்னடி இது, சுடரைச் சுத்தி வானவில் மாதிரி தெரியறதே!" என்றாள். சற்று நேரத்தில் ஒற்றைத் தலைவலி, வாந்தி. கோயிலுக்குப் போய் வந்த அலைச்சல், பித்தம் ஏறிவிட்டது என்று நானே தீர்மானித்துச் சுக்குப் பற்றுப் போட்டேன். விடிந்தால் கண் ரத்தச் சிவப்பு. அன்றும் கை வைத்தியம்தான். மூன்றாம் நாள்தான் திருச்சிக்கு அழைத்துப் போனோம்.

21-க்குள் இருக்கவேண்டிய கண் அழுத்தம் 56! 'ஆங்கிள் குளோஷர் கிளாக்கோமா'வாம். டாக்டரம்மா விளக்கினார்: கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் ஊறி, ஓரத்துக் கோணம் வழியாக வடிகிறது. முற்றத்து ஜலதாரையை ஈரத்துணி அடைப்பதுபோல, கருவிழிப் படலம் முன்னால் தள்ளப்பட்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. நீர் தேங்கி, பார்வை நரம்பை நசுக்குகிறது.

முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு லேசரால் அந்தப் படலத்தில் பொடித் துவாரம். 1857-இல் பெர்லினில் கிரேஃபே என்ற மருத்துவர் கத்தியால் செய்து காட்டியதைத்தான் இன்று லேசர் செய்கிறது. சில வாரம் கழித்து, இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பருத்த லென்ஸை எடுத்துவிட்டு, மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தார்கள். கோணம் மூடி அழுத்தம் ஏறிய 50 வயது தாண்டியவர்களுக்கு, புரை இல்லாவிட்டாலும், முதலிலேயே லென்ஸை எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தருவதாக 2016-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்ததாம். இதற்கும் அடங்காவிட்டால், நீர் வெளியேறப் புது வழி அமைக்கும் 'டிராபெகுலெக்டமி' ஆபரேஷன் உண்டு.

அம்மாவுக்கு வலி போயிற்று. ஆனால் அந்தக் கண்ணில் போன பார்வை திரும்பவில்லை. மற்றக் கண்ணுக்கு முன்கூட்டியே லேசர் செய்து காப்பாற்றினார்கள்.

"மாமி, உங்க பொண்ணையும் பார்த்துடலாம். இது குடும்பத்துல வரும், பெண்களுக்குத்தான் அதிகம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு வயது 46, பிளஸ் பவர் கண்ணாடி. சின்னக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் பொருத்திப் பார்க்கும் 'கோனியோஸ்கோப்பி'யில் எனக்கும் கோணம் குறுகல், சில இடங்களில் ஒட்டவும் ஆரம்பித்திருந்தது! இரண்டு கண்ணுக்கும் லேசர். சுருக்கென்று குத்தியது, சில நிமிஷத்தில் முடிந்தது.

உங்கள் அம்மாவோ அக்காவோ விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது, தலை வலிக்கிறது என்றால், பற்றுப் போட்டுக்கொண்டிராதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

இப்போதெல்லாம் விளக்கேற்றினதும் அம்மா என்னைத்தான் கேட்கிறாள்: "உனக்குச் சுடர் நன்னாத் தெரியறதோல்லியோ?"