உதகையில் ஓர் அடுக்களை

வானம் தெளிந்த காலைகளில் சேவூரிலிருந்து வடமேற்கே நோக்கினால் நீலகிரியின் விளிம்பு தெரியும். பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் உழைக்கும் நம் குடும்பங்களுக்கு அம்மலை கண்ணுக்கு அண்மையது. காலுக்கோ மிகச் சேய்மையது. ஒன்றரை ஷிப்டு முடித்து இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்க்கும், ஞாயிறன்றும் அவசர ஆர்டர் என்று அழைக்கப்படும் தந்தைக்கும், விடுமுறை என்பது பெரும்பாலும் உறங்கித் தீர்க்கும் நாளாகவே கழிகிறது. ஆகவே, சென்ற கோடையில் ஐந்து குடும்பத்தார் ஒன்றுகூடி வந்து, “சாமி, மூணு நாள் ஊட்டிக்குப் போய்ட்டு வரலாமுங்களா? நீங்களும் வரோணும்” என்று கேட்டபோது, நாம் தயங்காது உடன்பட்டோம்.

விடுதி அறைகளை அவர்கள் விரும்பவில்லை. சிறுவரும் முதியோருமாக இருபத்திரண்டு பேர் மூன்று வேளையும் உணவகத்தில் உண்பதென்றால், ஒரு மாதக் கூலி இரண்டு நாளில் கரைந்துவிடும். எனவே சமையலறையோடு கூடிய இரண்டு வீடுகளை வாடகைக்கு அமர்த்தினோம். எரிவாயு அடுப்பு, பாத்திரங்கள், கம்பளிகள், வெந்நீர் ஆகிய நான்கும் உண்டா என்று முன்னரே கேட்டறிந்துகொள்வது இன்றியமையாதது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஊரிலிருந்தே வேனில் ஏறின. ஓர் ஆட்டுக்கல்லையும் ஏற்ற முயன்றார் ஒரு பாட்டியார். அதை மட்டும் தடுத்தோம்.

அன்பர்களே, மலை ஏறுமுன் அதன் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். தோதவர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோரின் தாயகம் அது. 1603-இல் ஃபெனிச்சியோ என்னும் இயேசு சபைக் குரு, மலைமேல் பழங்கிறிஸ்தவர் வாழ்வதாகக் கேள்வியுற்று மலையாளக் கரையிலிருந்து ஏறிச்சென்றார். கிறிஸ்தவர் எவரையும் அவர் காணவில்லை. எருமை மேய்க்கும் தோதவரைக் கண்டு, அவர்களைப் பற்றி எழுதிவைத்தார். பின்னர் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் ஏறினார். ஆம், நீலகிரி அந்நாளில் நம் மாவட்டத்தின் பகுதியே! கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் முதலில் வீடு கட்டிய அவர், அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல் வீடு ஒன்றை எழுப்பினார், ஏரியையும் வெட்டுவித்தார். நோயுற்ற ஆங்கிலச் சிப்பாய்கள் தேறுவதற்கு ஏற்ற குளிரிடம் என்று அவர் அவ்வூரைப் பரிந்துரைத்தார். பிற்காலத்தில் சென்னை அரசே கோடைதோறும் அங்கே குடிபெயரலாயிற்று.

அக்காலத்துத் துரைமாரும் இவ்வாறே வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். ஆனால் அவர்கள் சமைக்கவில்லை. சமையற்காரர், தண்ணீர் சுமப்பவர், ஆயா என ஒரு பட்டாளமே உடன் இருந்தது. துரையின் ஓய்வு பிறர் உழைப்பின்மேல் நின்றது. நம் ஐந்து குடும்பங்களில் அப்பட்டாளத்தின் இடத்தில் யார் இருந்தார் என்பதைப் பின்னர் சொல்வோம்.

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியே வேன் சென்றது. மலை இரயிலுக்கு அங்கிருந்தே சீட்டு வாங்க எண்ணினோம்; கிட்டவில்லை. ஆயினும் பிள்ளைகளைக் குன்னூரில் இரயிலேற்றி, அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக உதகை வரை அழைத்துச் சென்றோம். மேட்டுப்பாளையம்–குன்னூர்ப் பாதை 1899-இலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908-இலும் திறக்கப்பட்டன. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கு மேல், தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் வயல்களைக் கண்ட ஒரு சிறுவன், “இம்புட்டும் நாமே வாங்கிக்கலாமா?” என்றான்.

போகுமுன் அறிய வேண்டுவன சில. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு மாவட்டத்தில் தடை உண்டு. சிறு தண்ணீர்ப் போத்தல்களும் அவற்றுள் அடங்கும். மற்றொன்று உயிரைப் பற்றியது. குளிர் தாளாமல் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடி உறங்குவோர் உளர். அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்கியவர் உறங்கியபடியே மாண்டுபோவர். இரண்டு கம்பளி போதாதெனில் மூன்றாவதைக் கேளுங்கள், கரியைக் கேளாதீர்கள். தீபாவளி விடுமுறைதானே நமக்கு நீண்டது என்று ஐப்பசியில் புறப்படுவோர் மழைச் செய்தியையும் கேட்டுக்கொள்வது நலம். 2009 நவம்பரில் அம்மலைச் சரிவுகளில் மண் சரிந்து பலர் உயிரிழந்தனர்.

இனி அடுக்களைக்கு வருவோம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவாதலால், தண்ணீர் 92, 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. உலை தளதளவென்று கொதிக்கும், பருப்போ கல்லாகவே கிடக்கும். குக்கரே துணை; அதிலும் ஊரில் வைப்பதைவிட இரண்டொரு விசில் கூடுதலாக வேண்டும். இட்லி மாவும் அக்குளிரில் புளிக்காது. முதல் இரவு கரைத்து வைத்த மாவு மறுநாள் காலை வைத்த அளவிலேயே இருந்தது. இவற்றையெல்லாம் அறியாமல் பெண்கள் ஐவரும் முதல் நாள் முழுதும் அடுப்படியிலேயே நின்றனர். ஆண்களும் பிள்ளைகளும் ஏரியைக் கண்டனர். 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்தையும், அதற்கெனத் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட உத்திரங்களையும் கண்டனர். திரும்பி வந்து, “சோறு ஆச்சா?” என்றனர்.

இரவு உணவின்போது ஒரு தாய் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அங்கேயும் அடுப்பு, இங்கேயும் அடுப்புங்க சாமி. குளிரு ஒண்ணுதானுங்க புதுசு.”

சிரித்தவர் அவர் மட்டுமே. வாரத்தில் ஆறு நாள் ஓவர்லாக் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர் அவர். ஆண்களை நோக்கி நாம் ஒரு கேள்வி கேட்டோம்: “பங்குத் திருவிழாவன்று முந்நூறு பேருக்கு அண்டாவில் அன்பு விருந்து சமைப்பவர் யார்? நீங்கள்தாமே! அண்டாவைக் கிளறும் கைக்குக் குக்கர் மூடத் தெரியாதோ?” சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, அவ்விருந்துகளில் தலைமைச் சமையலாளராயிருக்கும் பெரியவர் எழுந்து, “நாளைக்குக் காலையிலிருந்து அடுப்பு நம்மளுது. நீ வெங்காயம், நீ பாத்திரம்” என்று தம்பிமாருக்கும் மருமகனுக்கும் வேலை பிரித்தார். மருமகனின் முகம் போன போக்கை ஈண்டு விவரியோம்.

இரண்டாம் நாள் சாம்பாரில் உப்பு மிகுந்தது. மூன்றாம் நாள் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு உண்மையிலேயே சுவைத்தது. உதகைச் சந்தையில் காலையில் வாங்கிய காய்க்கு அத்தனை மணம்! பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவர் பாத்திரம் துலக்கினர். வெந்நீர் இருந்ததால் முணுமுணுப்புச் சற்றுக் குறைவு.

பெண்கள் ஐவரும் பாட்டியாரும் தொட்டபெட்டாவுக்குச் சென்று வந்தனர். 2,637 மீட்டர், நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம். பின்னர் 1848-இல் தொடங்கப்பட்ட அரசினர் தாவரவியல் பூங்காவுக்குச் சென்றவர்கள், அங்குள்ள கல்மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் அமர்ந்தனர். ஒரு மணிக்குச் சோறு ஆறிவிடும் என்று வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தது. “ஆறட்டுமுங்க” என்று விடை கூறிவிட்டு, மூன்றரை மணிக்கே திரும்பினர்.