பொது உலை

சேர்வராயன் மலைத்தொடரில், ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுள் ஒன்று செம்மநத்தம். காப்பியும் மிளகும் விளையும் இம்மலைப் பகுதிக்கு நெருப்போடும் ஓர் உறவு உண்டு. மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டி, வெண்ணிறக் கரடுகள் காணப்படுகின்றன. அங்கே வெட்டி எடுக்கப்படும் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லைக் கடுஞ்சூட்டில் சுட்டால் மக்னீசியா கிடைக்கிறது. அது 2,800 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். ஆதலால் எஃகு, சிமெண்டு, கண்ணாடி முதலியவற்றை ஆக்கும் உலைகளுக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய அது பயன்படுகிறது. எனினும், நெருப்பை அடக்கி ஆளச் செங்கல் மட்டும் போதாது. நெருப்பின் அருகே நிற்கும் மனிதர்களுக்கிடையே ஒரு நெறியும் வேண்டும். பலர் வாடகை கொடுத்துப் புழங்கும் கண்ணாடி ஊதும் பட்டறை இதற்குத் தக்க சான்றாகும்.

உலையைப் பகிரும் மரபு

கண்ணாடித் தொழில் தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு நடத்தினார். அங்குக் கிடைத்த சிறுமணிகள் பல, உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கிச் செய்யப்பட்டவை. இதே முறை ஆந்திர மாநிலத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அவ்வேலையைத் தனியொருவர் செய்ய இயலாது. கண்ணாடியைக் கலக்குபவர், இழுப்பவர், நறுக்குபவர் எனப் பலர் ஒரே உலையைச் சார்ந்து வாழ்ந்தனர்.

குழலால் ஊதிக் கலம் செய்யும் முறை கி.மு. முதல் நூற்றாண்டளவில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. உலைகள் பெருகியபோது அச்சமும் பெருகியது. நகரம் தீக்கிரையாகக் கூடும் என்று கருதிய வெனிஸ் ஆட்சியாளர்கள், 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்ற ஆணையிட்டனர். பின்னாளில் இத்தொழில் பெரிய ஆலைகளுக்குள் அடங்கியது. 1962இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகள், சிறிய உலையைக் கொண்டு தனிக்கலைஞரும் கண்ணாடியில் படைக்கலாம் என்பதைக் காட்டின. இன்றைய வாடகைப் பட்டறைகளுக்கு அதுவே வழி திறந்தது.

உலையைப் பகிர்வதற்கு வலுவான காரணம் உண்டு. கண்ணாடியை உருக்கி வைத்திருக்கும் உலை ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் இரவும் பகலும் எரிகிறது. அதை விரைந்து அணைத்தால் உள்ளிருக்கும் மூசை விரிசல் விடக்கூடும். மீண்டும் சூடேற்ற நீண்ட நேரமும் மிகுந்த எரிபொருளும் தேவை. இச்செலவைத் தனியொருவர் தாங்குவது அரிது. ஆகவே, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பலரும் ஓர் உலையைப் பகிர்கின்றனர்.

வாடகைக்கு முன் கேட்க வேண்டியவை

செம்மநத்தத்து இளைஞர் ஒருவர் இக்கலையை நாடிச் சமவெளி நகரம் ஒன்றுக்குச் செல்வதாகக் கொள்ளலாம். அவர் முதலில் கேட்க வேண்டியது வாடகைத் தொகையை அன்று. எரிவாயுவை உடனே அடைக்கும் திருகு எங்குள்ளது? தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா? புகையையும் வெப்பத்தையும் வெளியேற்றும் விசிறி இயங்குகிறதா? தொடக்கநிலையாளருக்குத் துணை நிற்பவர் யார்? இவ்வினாக்களுக்குப் பொறுமையாக விடை தரும் பட்டறையே நம்பத் தக்கது. பயிற்சி முடிக்காதவருக்கும் உலையை வாடகைக்குத் தரும் இடத்தை விட்டு விலகுவதே அறிவுடைமை.

உடையிலும் கருத்து வேண்டும். செயற்கை இழை ஆடை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தியாடையே ஏற்றது. காலை முழுதும் மூடும் காலணி, முடிந்து கட்டிய கூந்தல், அருகில் குடிநீர் ஆகியவையும் தேவை. ஊதுகுழலின் வாய்ப்பகுதியைப் பலரும் பயன்படுத்துவதால், அதைத் தூய்மை செய்தே அடுத்தவரிடம் கொடுத்தல் வேண்டும்.

தோற்றத்தில் தெரியாத தீங்குகள்

செந்நிறமாக ஒளிரும் கண்ணாடியைக் கண்டு எவரும் விலகுவர். ஆனால் ஒளி அடங்கிய பின்னரும் அதில் நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் தங்கியிருக்கும். சுடும் கண்ணாடிக்கும் ஆறிய கண்ணாடிக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. எனவே, பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் சூடானதாகவே கருதுதல் முதல் விதி. கை சுட்டுவிட்டால், ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டிப் பின் மருத்துவரை நாட வேண்டும். பற்பசை, மை, பனிக்கட்டி ஆகியவற்றை இடுவது புண்ணுக்குக் கேடு.

உலைவாயிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் உடனே வலியைத் தராது; பல ஆண்டுகளில் கண்புரையை உண்டாக்கும். 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இதனைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது. இக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிவதைச் சோம்பலால் தவிர்ப்பவர், முதுமையில் தம் பார்வையை விலையாகக் கொடுக்க நேரும். கலவைக்குரிய மணல்தூளிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து தீராத நோயைத் தரும். நிறப்பொடிகள் சிலவற்றில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. ஆகவே முகக்கவசம் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

அடுத்தவர் மேல் அக்கறை

ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியோடு நடப்பவர் "சூடு வருகிறது, பின்னால்!" என்று குரல் கொடுப்பார். மற்றவர் வழிவிடுவர். முன்பின் அறியாத இருவரை ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைக்கச் செய்வது இக்குரலே. களைப்புற்றவர் குழலைத் துணைவரிடம் தந்து அமர்ந்துவிட வேண்டும். வாடகை நேரம் வீணாகிறதே என்று தொடர்பவரின் தளர்ந்த கை, அருகில் நிற்பவரையும் சுட்டுவிடக் கூடும். நூலிழையில் தவிர்ந்த தீங்கையும் மறைக்காமல் பட்டறையின் பதிவேட்டில் எழுதுதல் நலம். நாளை வருபவருக்கு அது காவலாகும்.

பொதுப்பொருளைக் காப்பதும் பாதுகாப்பே. எல்லாக் கண்ணாடியும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்க்கும் தொட்டியில் ஒருவர் வேறு வகைக் கண்ணாடியைப் போட்டுவிட்டால், அதை உருக்கிச் செய்யும் கலங்கள் யார் கையிலும் விரிசல் விடக்கூடும்.

வாடகை தருபவர் தம் விருப்பத்தால் உலையருகே நிற்கிறார், வேண்டாமெனில் விலகலாம். உத்தரப்பிரதேசத்தின் பிரோசாபாத்தில் வளையல் செய்து பிழைக்கும் எளியோருக்கு அவ்வுரிமை இல்லை. தாஜ்மகாலைக் காக்கும் பொருட்டு, அப்பகுதித் தொழிலகங்கள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. பளிங்கு மாளிகைக்குக் கிடைத்த அந்தக் கவனம், வளையலைத் தீச்சுடரில் ஒட்டும் கைகளுக்கும் கண்களுக்கும் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு வசதியுள்ளோருக்கு மட்டும் உரிய சலுகையாக நின்றுவிடலாகாது.

செய்து முடித்த கலத்தை உடனே எடுத்துச் செல்ல முடியாது. திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி, சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட அது வெடித்துவிடும். ஆகவே, ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் உள்ள சூளையில் வைத்து, இரவு முழுதும் சிறிது சிறிதாக ஆறவைப்பர். அச்சூளையில் பலரின் கலங்களும் அருகருகே இருக்கும். தன் கலம் ஆறிவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் ஒருவர் கதவைத் திறந்தால், விரிசல் விடுவது அவர் கலம் மட்டுமன்று; பெயரறியாத இன்னொருவரின் ஒரு நாள் உழைப்பும் உடன் அழியும். ஆகவே, ஆவலை அடக்கி விடியும்வரை காத்திருக்கக் கற்றவரே பொது உலைக்கு உரியவர்.