பன்னிரண்டு நிமிட வில்லாளன்

கதை சொல்வோர் அனைவரும் ஒருவகையில் பங்கீட்டாளர்களே. காப்பியப் புலவன் அடிகளைப் பங்கிடுகிறான். நாடக ஆசிரியன் காட்சிகளைப் பங்கிடுகிறான். திரைப்பட இயக்குநர் நிமிடங்களைப் பங்கிடுகிறார். பங்கு பெறுவோர் பலராகவும் பங்கிடப்படும் பொருள் சிறிதாகவும் இருக்குமிடத்து, யாருக்கு எவ்வளவு என்னும் வினா எழுவது இயல்பு. இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் திறனாய்வாளர் எவரும் அல்லர். அந்நாளில் எட்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த என் இளைய மகனே ஆவான்.

2018ஆம் ஆண்டின் தொடக்கம் அது. மூத்தவன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீடு முழுவதுமே தேர்வு எழுதப் போவது போன்ற நிலை. கல்லூரியிலிருந்து திரும்பியதும் தேநீர்க் கோப்பையுடன் அவன் அறைக்குள் புகுந்துவிடுவேன். இஷாத் தொழுகைக்குத்தான் வெளியே வருவேன். ஒருநாள் அவ்வாறு வந்தபோது, இளையவன் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, கையில் கடிகாரமும் மடியில் குறிப்பேடுமாக, ஒரு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். குறிப்பேட்டில் ஆறு பெயர்கள். ஒவ்வொன்றின் கீழும் நிமிடக் கணக்கு.

அப்படம், ஜாஸ் வீடன் இயக்கத்தில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'தி அவெஞ்சர்ஸ்'. வேற்றுலகப் படையைத் திரட்டிக்கொண்டு நியூயார்க் நகரின்மீது பாயும் லோகியை அறுவர் ஒன்றுகூடி எதிர்ப்பதே கதை. அந்த அறுவருள் அயர்ன் மேன், ஹல்க், தோர், கேப்டன் அமெரிக்கா ஆகிய நால்வருக்கும் 2008 முதல் 2011 வரையிலான ஆண்டுகளிலேயே தனித்தனிப் படங்கள் வந்துவிட்டன. எஞ்சிய இருவர், பிறர் கதைகளில் துணைப் பாத்திரங்களாகத் தலைகாட்டிய பிளாக் விடோ என்னும் பெண்மணியும், ஹாக் ஐ என்னும் வில்லாளனும் ஆவர். படத்தின் நீளம் 143 நிமிடம். மகனின் கணக்குப்படி கேப்டன் அமெரிக்காவுக்கும் அயர்ன் மேனுக்கும் ஏறத்தாழ 37 நிமிடங்கள், பிளாக் விடோவுக்கு 33, ஹல்க்கிற்கு, அவனது மனித உருவையும் சேர்த்து, 28, தோருக்கு 25, ஹாக் ஐக்கு 12.

"பன்னிரண்டே நிமிஷம்தான் வாப்பா" என்றான். அவனுக்கு உகந்த வீரன் ஹாக் ஐ. பறக்கும் ஆற்றலோ இடியை ஏவும் சுத்தியலோ இல்லாத, வில்லும் கூரிய பார்வையும் மட்டுமே உடைய மனிதன். அதுவும் தொடக்கத்திலேயே லோகியின் கோல் மார்பில் பட்டு, தன் அறிவிழந்து, படத்தின் முற்பகுதியெல்லாம் பகைவனுக்கு ஏவல் செய்பவன்.

நான் ஆசிரியனல்லவா? காரணம் கூறித் தேற்ற முற்பட்டேன். நேரத்தின் அளவும் பாத்திரத்தின் தகுதியும் ஒன்றல்ல என்றேன். 1978இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தின் பெயர்ப் பட்டியலில் முதலிடம் பெற்றவர் மார்லன் பிராண்டோ. அவர் திரையில் தோன்றும் நேரமோ இருபது நிமிடத்திற்கும் குறைவு. இரண்டாமிடம் எதிர்நாயகனாக நடித்த ஜீன் ஹாக்மனுக்கு. சூப்பர்மேனாகவே நடித்த கிறிஸ்டோபர் ரீவின் பெயர் மூன்றாவதாகத்தான் வந்தது. ஹல்க்கைப் பார், கணிப்பொறியால் ஆக்கப்பட்ட உருவம் அது. லோகியைத் துணி துவைப்பதுபோல் தரையில் அறையும் அந்தச் சில நொடிகளைப் படம் பார்த்தவர் எவரேனும் மறந்ததுண்டா என்றெல்லாம் அடுக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தெரியும் வாப்பா. சும்மாதான் எண்ணிப் பார்த்தேன்" என்றான்.

அந்தச் 'சும்மா' என்னை உறுத்தியது. அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி நானும் ஒரு கணக்குப் போட்டேன். அன்று முழுவதும் அவனுடன் எத்தனை நிமிடம் பேசினேன்? காலையில், "குடையை எடுத்துக்கொண்டாயா?" மாலையில், "சத்தத்தைக் குறை, காக்கா படிக்கிறான்." இவ்விரண்டையும் கூட்டினால் ஒரு நிமிடமும் தேறவில்லை. ஹாக் ஐயின் நிலை எவ்வளவோ மேல்!

மறுநாள் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அறுவரின் நிமிடங்களையும் கூட்டிய இடத்தில் 172 என்றிருந்தது. "படமே நூற்று நாற்பத்து மூன்று நிமிடந்தானே, கணக்கு எங்கோ பிழைத்திருக்கிறதே" என்றேன். அவன் சிரித்துவிட்டு ஒரு காட்சியைக் காட்டினான். சிதைந்து கிடக்கும் நகரத்தின் நடுத்தெருவில் அறுவரும் வட்டமாக, முகங்கள் வெளிநோக்க நிற்கின்றனர். படக்கருவி அவர்களைச் சுற்றி வருகிறது. "இந்த நேரத்தை ஆறு பேருக்கும் முழுசா எழுதணும் வாப்பா. ஆறாப் பிரிக்கக் கூடாது" என்றான்.

எனக்குச் சட்டென்று என் வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சிலப்பதிகாரத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் கூற்றுக்கும் எத்தனை அடிகள் என்று எண்ணியவன் நான். புறத்தேர்வாளர் ஒரே ஒரு வினாத்தான் தொடுத்தார்: "மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியை வாயாரப் புகழ்கிறான், அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த அடிகளை யார் கணக்கில் எழுதினீர்?" கோவலன் கணக்கில் என்றேன். "கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் ஏட்டை மூடினார். பட்டம் கிடைத்தது; விடை கிடைக்கவில்லை. அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தவன் என் மகன். பிரித்துக் கொடுத்தால் குறையும் காலம், ஒரே சட்டத்துக்குள் கூடி நின்றால் ஒவ்வொருவருக்கும் முழுமையாகக் கிடைக்கிறது.

அன்று மாலையே மூத்தவனின் மேசையை முன்னறைக்கு மாற்றினேன். "இரைச்சலில் எப்படிப் படிப்பான்?" என்று என் மனைவி அஞ்சினாள். இரைச்சல் ஏதும் எழவில்லை. ஒரு பக்கம் அவன் வேதியியல், மறுபக்கம் இவன் வரலாறு, நடுவில் நான் திருத்த வேண்டிய விடைத்தாள்கள். பேசியது குறைவு, மூவரும் இருந்தோம், அவ்வளவே. மூத்தவன் மனப்பாடம் ஒப்பிக்கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் பணி இளையவனுக்கு வாய்த்தது. அவன் ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை.

தேர்வுகள் முடிந்தபின் 'இன்ஃபினிட்டி வார்' படத்திற்கு மூவரும் சென்றோம். வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர். ஆனால் மற்றெவரினும் மிகுதியான நேரத்தைப் பெற்றவன் உலகை அழிக்க வரும் தானோஸ். படம் பார்த்து முடிக்கையில் அக்கொடியவனின் துயரமும் நமக்கு விளங்கிவிடுகிறது. யாருக்கு நேரம் கொடுக்கிறோமோ அவரையே புரிந்துகொள்கிறோம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஹாக் ஐயோ அப்படத்தில் தோன்றவே இல்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் வந்தான்.

2019இல் 'எண்ட்கேம்' வந்தது. திரை விலகியதும் முதற்காட்சி, ஒரு பண்ணை வீட்டுப் புல்வெளி. அங்கே தன் மகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பவன் ஹாக் ஐ! சில நொடிகளில் அவன் குடும்பமே துகளாகி மறைகிறது. பேரழிவு ஒன்றின் முழுப் பாரத்தையும் பார்வையாளர் உணர்வதற்கு இயக்குநர்களாகிய ரூசோ சகோதரர்கள் தேர்ந்தெடுத்த முகம், இருப்பவர்களுள் மிக எளிய மனிதனின் முகம். இருட்டில் என் இளையவன் என் கையைப் பற்றி அழுத்தினான். அவன் கையில் அன்று கடிகாரம் இல்லை.

மாணவச் செல்வங்களே! முதற்படத்தின் இறுதிப் போரில் கேப்டன் அமெரிக்கா அந்த வில்லாளனை ஒரு கட்டடத்தின் உச்சிக்கு அனுப்புகிறான். அங்கிருந்து நோக்கி, பகைவரின் ஊர்திகளால் ஒடுங்கிய வளைவுகளில் திரும்ப இயலாது என்பதைக் கண்டு அயர்ன் மேனுக்கு உரைப்பவன் ஹாக் ஐயே. குறைந்த நேரம் பெற்றவன், நிறையப் பார்க்கிறான். வகுப்பறையின் கடைசி வரிசையும் அத்தகைய உச்சிதான் என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்னும் இரு சொற்களோடு தம் பங்கு முடிந்துபோகும் மாணவர்கள் என் வகுப்புகளில் எத்தனை பேர் இருந்தார்களோ! அவர்கள் என்னைப் பற்றி என்ன குறித்து வைத்திருக்கிறார்களோ!

இப்போதெல்லாம் வகுப்பில் பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகை அருகிலிருந்து ஒருமுறை கடைசி வரிசைவரை நடந்துவிட்டு வருகிறேன். அதற்கு ஒரு நிமிடம் ஆகிறது. அந்த நிமிடத்தை அறுபதாகப் பிரித்து எழுத வேண்டியதில்லை.