வடக்கே போகும் ரயில் – 6: கவரைப்பேட்டையில் நாலு கண் வண்டு

மீஞ்சூரில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். கும்மிடிப்பூண்டி லோக்கல் பொன்னேரியைத் தாண்டும்போது பெட்டியில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள். கவரைப்பேட்டையில் இறங்கினேன். 2024 அக்டோபரில் பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது இங்கேதான். வெளியூர்க்காரர் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அந்த இரவில்தான். நான் வந்தது ஒரு வண்டைப் பார்க்க.

தை மாதம். ஊரை விட்டுத் தள்ளியிருந்த ஏரியில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் கலங்கலுக்கு ஒரு சாண் கீழே நின்றது. கோரை ஓரத்து நிழலில் புளியங்கொட்டை அளவில் கறுப்பு வண்டுகள், ஒன்றையொன்று இடிக்காமல், கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. எருமை ஓட்டி வந்த பெரியவர் நின்றார்.

“இன்னா சார் பாக்குறீங்க?”

“இந்த வண்டுங்களத்தான் ஐயா.”

“அதுவா? கையில புடிக்காதீங்க. நாத்தம் லேசுல போவாது.”

அந்த வாடைதான் மீன் வாயிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது. தென்னிந்தியக் குளங்களில் பரவலாக இருப்பது டைநியூட்டஸ் இண்டிகஸ் என்ற இனம். நான் பார்த்தது அதுதானா என்று கரையில் நின்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கே கண்கள் இரண்டிரண்டாகப் பிரிந்தவை: மேல் ஜோடி வானத்தைப் பார்க்கும், கீழ் ஜோடி தண்ணீருக்குள் பார்க்கும். இவை போதாதென்று, நீர்ப்பரப்பில் படியும் உணர்கொம்புகளின் அடியில் அலையை உணரும் உறுப்பு வேறு. விழுந்த ஈ துடிக்கிறதா, பக்கத்து வண்டு நெருங்குகிறதா, எல்லாச் சேதியும் சிற்றலையாக வந்து சேரும். முங்கும்போது வயிற்று நுனியில் ஒரு காற்றுக்குமிழியும் கூடப் போகும்.

ஆகவே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தால் மட்டும் இதற்குப் போதாது, அதன் மேல்தோல் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரமண் கரையும் வேண்டும். செவுளால் மூச்சுவிட்டு அடியில் வளரும் புழு, கூட்டுப்புழுவாகக் கரையேறித்தான் ஆக வேண்டும். ஏரியைத் தூர்வாருவதைப் பாராட்டுகிறவன்தான் நான். ஆனால் கரை முழுவதும் சிமெண்ட் பூசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

திரும்பும் வழியில், கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரப் பள்ளம் ஒன்றில் லாரி கழுவிய தண்ணீர். மேலே வானவில் நிறத்தில் எண்ணெய். எண்ணெய் படிந்தால் சிற்றலை அடங்கிவிடும். வண்டுக்குச் சேதி வராது. அங்கே ஒன்றுகூட இல்லை. ஒரு பள்ளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான்.

அடுத்த வாரம் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம். பழைய ஏரிகளை இணைத்துக் கட்டி 2020இல் திறந்தார்கள். கொள்ளளவு 50 கோடி கன அடி. இந்த வண்டுக்குப் பறக்கவும் தெரியும். அங்கே குடியேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

(பயணம் தொடரும்)